ஆச்சி சொல்லாதது

எனக்குக் குரல் கேட்கும். இதை எழுதுவதில் கூச்சமில்லை. கன்னியாகுமரிப் பக்கம் கொட்டாரத்தில் எங்கள் தெருவுக்கே தெரிந்த சங்கதிதான். பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள்கூட என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் துணியைப் பையிலிருந்து வெளியே எடுப்பார்கள். கூச்சப்பட வேண்டியது வேறொன்று. கேட்காத குரலைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறேன். அதை வைத்துக் காரியம் சாதித்திருக்கிறேன். பிற்பாடு, ராப்பகலாகக் கேட்ட நாட்களில், ஒன்றுமே கேட்கவில்லை என்று டாக்டர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். இல்லாதபோது உண்டு என்றதும் உண்டானபோது இல்லை என்றதும் ஒரே வாய்தான். இதில் என் வீட்டுக்காரரின் பிழைப்பு ஒன்று பறிபோயிற்று.

என் சீட்டில் 'பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர்' என்று எழுதியிருக்கிறது. எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று தமிழில் சொல்கிறார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் நிஜக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெயரில் இவ்வளவு பொய் சொன்ன பிறகு அந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா?

அது என் ஆச்சியின் குரல். அப்பாவைப் பெற்றவள். என்னை வளர்த்ததும் அவள்தான். பனையோலையில் பெட்டி முடைவாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் முடைய வேண்டும். ஓலை பிசகினால் விரலில் ஒரு அடி விழும். நன்றாக வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள், அடுத்த ஓலையை எடுத்து நீட்டுவாள். நான் கல்லூரியில் படிக்கும்போது செத்துப்போனாள். அந்த வருஷம் முடிவதற்குள் என் காதுக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

இடது காதுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி நின்று பேசுவாள். எனக்கு வந்த நினைப்பை நான்தான் குரல் என்று எண்ணிக்கொள்கிறேன் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நினைப்புக்குத் திசை கிடையாது. ஆச்சிக்கு உண்டு. இத்தனை வருஷம் கழித்தும் திரும்பிப் பார்க்கிறேன்.

மிஷினில் இருக்கும்போது, "பாபின்ல நூலு தீருது" என்பாள். கேஸைக் கழற்றிப் பார்த்தால் நாலைந்து சுற்றுதான் மிச்சம் இருக்கும். காலுக்கும் கைக்கும் முன்பே தெரிந்துவிட்டதை அவள் வாயால் கேட்கிறேன் என்று இப்போது புரிகிறது. "கொக்கியைத் தலைகீழா வைக்கே." "பட்டி ஏறி எறங்குது, பிரிச்சு அடி." இந்த ஆச்சியோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு வாடிக்கையாளரிடம்கூட அவளால் எனக்குக் கெட்ட பெயர் வந்ததில்லை.

இப்படி வேலை சொல்லும் குரல் எனக்கு மட்டும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மானுடவியலாளர் டான்யா லூர்மனும், சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்து மனநல மருத்துவர் ஆர். பத்மாவதியும், இன்னும் சிலரும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2015இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரியில் வந்தது. கலிபோர்னியாவின் சான் மட்டேயோ, கானா நாட்டின் அக்ரா, நம் சென்னை. ஊருக்கு 20 பேர்; எல்லோரும் கடுமையான மனநோயில் குரல் கேட்கிறவர்கள். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் முன்பின் தெரியாத குரல்கள், வெட்டு குத்து என்று வன்மம் பேசுபவை. அக்ராவில் பலரிடம் கடவுள் பேசினார். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சொந்தக்காரர்களின் குரல். அதைச் செய், இதைச் செய் என்று வீட்டு வேலை ஏவும் குரல். இதை ஒருவர் எனக்கு எடுத்துச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தேன். நம் பெரியவர்கள் செத்த பிறகும் வேலை வாங்குவதை நிறுத்துவதில்லை.

ஆனால் இன்னொரு ஆச்சியும் உண்டு. வீட்டுக்காரர் சொன்ன நேரத்துக்கு வராத அன்று, கூப்பிட்ட போனை யாரும் எடுக்காத அன்று, ஒரு சொல் சுருக்கென்று தைத்த அன்று வருகிறவள். "அவன் வரமாட்டான். ஒன்னைக் கண்டா யாருக்கு இருக்கத் தோணும்?" இது தொடக்கம். அதற்கு மேல் அவள் சொல்வதையெல்லாம் எழுதுவதாக இல்லை. நெஞ்சில் வெப்புராளம் ஏற ஏறக் குரலும் ஏறும். மணிக்கணக்கில் நிற்கும். அவர் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் சில நாள் பட்டென்று அறுந்து போகும். சில நாள் அவர் வந்து எதிரில் உட்கார்ந்த பிறகும் ஓயாது.

என் நோயும் இதே தடத்தில்தான் ஓடுகிறது. 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்குப் பெயர் வைத்தார். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது. ஒன்பது அடையாளங்களில் ஐந்து இருந்தால் நோய் என்பது அந்தக் கையேட்டின் கணக்கு. விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற ஓயாத பதற்றம். இன்று சாமியாகத் தெரிகிறவர் நாளைக்குச் சத்துருவாகத் தெரிவது. உள்ளுக்குள் ஒன்றுமே இல்லாத வெறுமை. அடங்காத கோபம். தன்னையே காயப்படுத்திக்கொள்வது. இப்படிப் போகும் பட்டியலில் ஒன்பதாவது: நெருக்கடியில் வந்து போகும் சந்தேக எண்ணங்கள், அல்லது தன்னை விட்டுத் தானே கழன்றுபோகும் நிலை. என் சீட்டைப் பார்த்த ஒருவர், முதலாவதைத் தவிர மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள் என்றார். என்னைப் பொறுத்தவரை அது சரி.

நாத்தனார் கல்யாணத்தில்தான் முதல் பொய்.

முகூர்த்தப் புடவைக்கு பிளவுஸ் தைத்தது நான். கழுத்தைச் சுற்றி முத்து வைத்து, கை விளிம்பில் சரிகைப் பட்டி கொடுத்து, என் வாழ்நாளில் தைத்தவற்றில் அழகானது அது. முந்தைய நாள் ராத்திரி வீடு நிறைய ஆட்கள். பின்கட்டில் தேங்காய் துருவுகிறார்கள், பந்தலில் வாழைக்குலை கட்டுகிறார்கள். வீட்டுக்காரர் ஒரு வாரமாகப் பத்திரிகை, பந்தல், பாத்திர வாடகை என்று அலைந்துகொண்டிருந்தார். அன்று சாயங்காலம் படியில் எதிர்ப்பட்டு ஏதோ கேட்டேன். "பொறவு பாப்போம் பிள்ளே" என்று போய்விட்டார். ஒரு அண்ணன் தங்கை கல்யாணத்தில் செய்ய வேண்டியதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார். எனக்கு அது தெரியும். தெரிந்தும், மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, கத்தரிக்கோலை எடுத்து, அந்த பிளவுஸின் இடது தோளிலிருந்து இடுப்பு வரை வெட்டினேன்.

அப்போது குரல் எதுவும் கேட்கவில்லை. இரண்டு ஆச்சிகளில் ஒருத்திகூட அங்கே இல்லை. மூளை மங்கவில்லை, கண் இருட்டவில்லை. என்ன செய்கிறேன், யாருக்குச் செய்கிறேன், நாளைக்கு என்ன ஆகும் எல்லாம் தெரிந்தது. பட்டுத்துணி கத்தரியில் வழுக்கிப் பிளக்கும் அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமியார் கதவைத் திறந்தார். "ஏ மக்களே, என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கே!" என்று அலறினார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "ஆச்சி வெட்டச் சொன்னா மாமி" என்றேன்.

ஓங்கிய கை அப்படியே இறங்கிற்று. கோபமாக இருந்த முகம் பயமாகி, பயம் இரக்கமானது. இமைக்கும் நேரம்தான், ஆனால் நான் அதைப் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு சொல்லில் இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்துகொண்டேன். கல்யாண வீடு மொத்தமும் என் பக்கம் திரும்பியது. வீட்டுக்காரர் எல்லா வேலையையும் போட்டுவிட்டு விடியவிடிய என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாத்தனார் அவள் சித்தியின் பிளவுஸ் ஒன்றைப் பிடித்துப் போட்டுக்கொண்டு மணவறைக்குப் போனாள். அதைப் பிடித்துக் கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. என் கையில் மறுபடி கத்தரிக்கோலைக் கொடுக்க யாருக்குத் துணிவு வரும்?

எங்கள் பக்கத்து ஆள் யாருக்கும் அந்தச் சொல்லின் வலிமையை விளக்க வேண்டியதில்லை. சுடலைமாடன் கொடையில் வில்லுப்பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது சாமி இறங்கும். நேற்றுவரை டீக்கடையில் கடன் சொன்ன மனிதர் ஊர்ப் பெரியவரைப் பார்த்து "லே" என்பார். பெரியவர் கை கட்டிக் கேட்பார். பேசுவது இவர் இல்லை என்பதால் மறுநாள் இவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அந்தச் சலுகையைத்தான் நான் திருடினேன். திருடியவளுக்கு ஒன்று வசதியாக மறந்துவிட்டது: சாமியாடிக்குக் கட்டு உண்டு. விரதம் உண்டு, நாள் உண்டு, ஊரே பார்த்திருக்கும் திடல் உண்டு. சாமி மலையேறியதும் ஆள் கீழே இறங்கி நிற்க வேண்டும். எனக்கு விரதமும் இல்லை, கெடுவும் இல்லை. தோன்றியபோதெல்லாம் ஏறினேன்.

கல்யாணம் முடிந்த மறு ஞாயிறு மாமியார் என்னை வேண்டுதலுக்காகச் சாமிதோப்புப் பதிக்கு அழைத்துப் போனார். அங்கே முத்திரிக்கிணற்றுத் தண்ணீரை இறைத்து என் தலையில் ஊற்ற வைத்து, நாமம் இட்டு, எனக்காகத் தானும் பட்டினி கிடந்து வேண்டிக்கொண்டார். பச்சைத் தண்ணீர் தலையில் விழுந்தபோது வந்த வெட்கம் பிளவுஸை வெட்டியபோதுகூட வரவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் வழியில் பொற்றையடியில் எனக்கு நுங்கு வாங்கித் தந்தார். தின்றேன்.

பிறகு வந்த சின்னப் பொய்களை விரிக்க வேண்டாம். போகப் பிடிக்காத விசேஷங்களுக்கு ஆச்சி தடை சொன்னாள். சண்டையில் நான் தோற்கும் கட்டத்தில் ஆச்சி குறுக்கே பேசினாள். நிஜ ஆச்சி சொன்னவை பத்து என்றால் என் வாய் ஆச்சியாகச் சொன்னவை அதற்குக் குறையாது. ஒருகட்டத்தில் எது எது என்று எனக்கே குழம்பியது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு என்மேல் இரக்கம் வரும். ஆனால் குழம்பவில்லை. எப்போதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். மஸ்கட்டில் ஒரு வேலைக்கு விசா வந்தது. எங்கள் மாவட்டத்தில் வளைகுடா சம்பளம் நுழையாத தெரு குறைவு. அந்தச் சம்பளத்தில் ஓடு பிரித்துக் கான்கிரீட் போட்ட வீடுகளை எண்ணிக்கொண்டே நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போகலாம். எங்களுக்கும் அந்தக் கணக்குகள் இருந்தன. அடகில் இருந்த என் சங்கிலி, மாமியாரின் கண் ஆபரேஷன், மழைக்கு ஒழுகும் பின்கட்டு. எல்லாவற்றையும் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். இரண்டு வருஷம்தான் என்றார். அந்தக் காலண்டர் தாளில் எனக்கு 'இரண்டு வருஷம்' மட்டும்தான் தெரிந்தது.

பயமாக இருக்கிறது, போகாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அழுதிருக்கலாம். என்னால் தாங்க முடியாது என்றால் அவர் யோசித்திருப்பார். ஆறு மாதத்தில் வந்து போக வழி தேடியிருப்பார். அல்லது, "பாத்துக்கிடலாம் பிள்ளே" என்று கிளம்பியிருப்பார். அந்த இரண்டாவதுக்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆகவே ஆச்சியைக் கூப்பிட்டேன். "பிளேன்ல ஏத்தாதே, பொணமாத்தான் வருவான்னு சொல்லுதா" என்றேன். அந்த வாரம் முழுக்க நிஜ ஆச்சி வாயே திறக்கவில்லை. கொக்கியைப் பற்றிக்கூட ஒரு சொல் இல்லை.

அவர் எதுவும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து ஏஜெண்டிடம் போய் வரவில்லை என்று சொல்லிவிட்டார். கட்டிய முன்பணம் திரும்பவில்லை. கேட்டவர்களிடம் "சரிப்பட்டு வரல்ல" என்றார். பெண்டாட்டிக்குக் குரல் கேட்கிறது, அதனால் நின்றேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கும் கன்னியாகுமரி லாட்ஜ்களில் ஏணி போட்டு ஏறித்தான் ஏசி சர்வீஸ் செய்கிறார். ஆடிக் காற்றில் மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே நின்று அவர் வேலை செய்வதை ஒருமுறை கீழே இருந்து பார்த்தேன். பிறகு அந்தப் பக்கம் போவதில்லை.

விசா போன பிறகுதான் டாக்டர். அவரிடமும் அதே பாட்டைப் பாடினேன். நாள் முழுக்கக் கேட்கிறது, கட்டளை போடுகிறது, மீற முடியவில்லை. இப்படிச் சொன்னால் எந்த டாக்டரும் மனச்சிதைவு என்றுதான் எழுதுவார், எழுதினார். மாத்திரை என் கையில் நடுக்கத்தைக் கொண்டுவந்தது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பத்தாவது படிக்கும் அண்ணன் மகள் வந்து கோத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். உறவில் ஒருவர் ஏர்வாடிக்குக் கூட்டிப்போய்க் கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கலாமே என்றார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது என்று இன்று சொல்ல முடிகிறது. அன்று அந்த ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும், என் பொய் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று முதல் தடவையாக உறைத்தது. மாமியார் "எம் பிள்ளைய எங்கயும் விடமாட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டார்.

அடுத்துப் பார்த்த டாக்டர் சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதி, நோயின் பெயரை மாற்றினார். இந்த நோய்க்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்து கிடையாது. பேச்சுவழிச் சிகிச்சைதான் பிரதானம். மாத்திரை குறைந்தது, நடுக்கம் நின்றது. ஆனால் ஒரு வார்டு வாசலில், "பார்டர்லைன்னா ஒண்ணுமில்ல, சீன் போடுறதுதான்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது காதில் விழுந்தது. அந்த வருஷம் அப்பா இறந்தார். ஆச்சி வந்தாள், நல்ல ஆச்சி அல்ல. பகல், ராத்திரி, சாப்பிடும்போது, குளிக்கும்போது. டாக்டர் கேட்டார்: "இப்ப குரல் ஏதும் உண்டா?" "இல்ல சார்" என்றேன்.

சீன் என்பார்களோ என்று பயந்தேன் என்பது பாதி உண்மை. மாத்திரைக்குப் பயந்தேன் என்பது கால்வாசி. மிச்சம் இதுதான்: நிஜக் குரல் எப்படி வரும், எப்போது வரும், என்ன சொல்லும் என்று விவரமாகச் சொன்னால், பழைய குரல்கள் அந்த அளவுக்குப் பொருந்தாமல் போய்விடும். பிளவுஸும் பிளேனும் வெளியே வந்துவிடும். அதை மறைக்க உயிரைப் பணயம் வைத்தேன். அந்த மாதம் நான் பிழைத்துக் கிடந்தது மாமியார் என் பாயை ஒட்டிப் பாய் போட்டுத் தூங்காமல் கிடந்ததால்தான்.

எல்லைக்கோட்டுக் கோளாறில் வரும் குரலைப் பாதிக் குரல், போலிக் குரல் என்று வைத்தியப் புத்தகங்களே ரொம்ப நாள் ஒதுக்கி வைத்திருந்தன. நெருக்கடியில் வந்து உடனே போய்விடும் என்றன. 2012இல் நெதர்லாந்தில் ஸ்லோடெமா என்ற மருத்துவர் தம் குழுவோடு இந்த நோய் உள்ள பெண்களின் குரல்களையும் மனச்சிதைவு உள்ளவர்களின் குரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெரும்பாலான அம்சங்களில் வித்தியாசம் இல்லை. இந்தப் பெண்களுக்குச் சராசரியாக 18 வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதே நாட்டில் 1987இல் மனநல மருத்துவர் மாரியஸ் ரோம், தம்மிடம் வந்த பேட்சி ஹாகே என்ற பெண்ணோடு தொலைக்காட்சியில் தோன்றி, குரல் கேட்கிறவர்கள் எங்களைக் கூப்பிடுங்கள் என்றார். நூற்றுக்கணக்கானவர்கள் கூப்பிட்டார்கள், டாக்டர் பக்கமே போகாமல் குரலோடு குடித்தனம் நடத்துகிறவர்களும் அதில் இருந்தார்கள். குரலை அடக்குவதற்கு முன் அது என்ன சொல்கிறது, யாராக வருகிறது என்று கேளுங்கள் என்பது அங்கிருந்து கிளம்பிய வழி.

அந்தக் கேள்வியைத்தான் நாகர்கோவிலில் ஒரு உளவியல் ஆலோசகர் என்னிடம் கேட்டார். டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டிபிடி என்று சொல்லும் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். இந்தச் சிகிச்சையை உருவாக்கியவர் மார்ஷா லினெஹன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1961இல் 17 வயதில் தானே மனநல மருத்துவமனையில் அடைந்து கிடந்ததை 2011இல் பொதுவில் சொன்னார். 50 வருஷம் அவர் வாயை மூடியிருந்தார் என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அவர் மறைத்தது துன்பத்தை, நான் மறைத்தது துரோகத்தை என்ற நினைப்பும் கூடவே வந்தது.

இந்தச் சிகிச்சையில் தினமும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். என்ன கோபம், எவ்வளவு, என்ன செய்தாய். நான் தையல் ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினேன். முன்பக்கம் ஊர்ப் பெண்களின் மார்பளவு, கையளவு, பின்பக்கம் என் அளவு. குரலுக்கு ஒரு கட்டம் போட்டிருந்தேன். ஒரு நாள் ஆலோசகர் அந்தக் கட்டத்தைக் காட்டி, "இதில் கேட்டது எது, நீங்கள் கேட்டதாகச் சொன்னது எது?" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. கடையில் சில்லறை சரிபார்க்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். அந்தக் கட்டத்தை இரண்டாகப் பிரித்து ஒன்றில் 'கே', இன்னொன்றில் 'நா' என்று எழுதினேன். கேட்டது, நானே சொன்னது. அந்தப் பக்கத்தில் 'நா' அதிகம் இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னது ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில். நல்ல நேரம் பார்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை. பிளவுஸில் ஆரம்பித்தேன். அவர் தலையைத் தூக்காமல் கேட்டார். "அப்ப பிளேனு?" என்றார். "அதுவும்" என்றேன். எழுந்து கை கழுவினார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "மத்ததெல்லாம் விடு. இத மட்டும் ஒருநாள் நான் நல்லா சத்தம் போட்டுக் கேப்பேன். அப்ப ஆச்சியக் கூப்பிடாதே" என்றார். அந்த நாள் வந்தது. சத்தம் போட்டார். நான் கூப்பிடவில்லை. நிஜ ஆச்சி தானாகவே வந்தாள். அவர் முடிக்கும் வரை அவள் பேச்சையும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். பிறகு நோட்டில் 'கே' போட்டேன்.

மாமியாரிடம் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. "இப்படிச் சொல்லச் சொன்னதும் அந்தக் கெழவியாத்தான் இருக்கும்" என்று திருநீறு எடுத்துப் பூசினார். என் பொய்க்கு விழுந்த தண்டனைகளிலேயே எனக்குப் பொருத்தமாகப் பட்டது இதுதான். நாத்தனார் அளந்து பேசுவாள், பண்டிகைக்கு வந்து போவாள். துணி மட்டும் இன்றுவரை என்னிடம் கொடுத்ததில்லை. அது நியாயம்.

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, இந்த நோயே நடிப்புதான் என்று யாராவது கிளம்பினால் என்ன செய்வது என்று ரொம்ப யோசித்தேன். வயிறு நிறைய லட்டு தின்றுவிட்டுத் தின்னவே இல்லை என்று டாக்டரிடம் சாதிக்கும் ஆளுக்கு, சர்க்கரை வியாதியே கிடையாது என்று யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. எனக்கு நோயும் உண்டு, பொய்யும் உண்டு. இன்னொரு பக்கம், நோய்தான் உன்னைப் பொய் சொல்ல வைத்தது, உன்மேல் தப்பில்லை என்று ஆறுதல் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர் போய்விடுவாரோ என்று குடல் நடுங்கியதே, அது நோய். அந்த நடுக்கத்துக்குப் பொணம் என்ற சொல்லைத் தேடி எடுத்தது நோய் இல்லை. அவருக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்த பெண்டாட்டி அதைத் தேடி எடுத்தாள். ஆலோசகருக்கு இதில் என்னோடு முழு உடன்பாடு இல்லை. நான் என்னை ரொம்பத்தான் அடித்துக்கொள்கிறேன் என்கிறார். இருக்கலாம்.

நோய் தணியாது என்று நினைத்து உண்மையைச் சொல்லாமல் விடுகிறவர்களும் இருக்கலாம். தணியும். அமெரிக்காவில் மேரி ஸனரினி என்பவர் இந்த நோய் உள்ள 290 பேரை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்தார். பத்து வருஷத்துக்குள் அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நோயின் அடையாளங்கள் இரண்டு வருஷமாவது விலகியிருந்தன. எனக்குக் கோபம் தணிந்திருக்கிறது, கையைக் காயப்படுத்திக்கொள்வது நின்றிருக்கிறது. ஆச்சி இருக்கிறாள். இந்த வாரம் ஒரு சுடிதார் கழுத்தை நான் ஆழமாக வெட்டப் போனபோது தடுத்தாள், துணி தப்பித்தது. நோட்டில் 'கே'.

இந்தக் கட்டுரையை வீட்டுக்காரர் படித்துவிட்டார். மஸ்கட் என்ற இடத்தில் மட்டும் நின்று, சம்பளம் எவ்வளவு என்று எழுதாதே என்றார். எழுதவில்லை.

வீட்டில் யாராவது குரல் கேட்கிறது என்று சொன்னால், நிஜமா பொய்யா என்று சோதிக்க வேண்டாம். யார் குரல், எப்போது வருகிறது, என்ன சொல்கிறது என்று கேளுங்கள்; டாக்டரிடம் போகும்போது அந்த மூன்றையும் சொல்லுங்கள். என்னைப் போலக் குரலோடு சொந்தச் சரக்கையும் சேர்த்து விற்றவர்கள் யாராவது இதைப் படித்தால், வைத்தியம் செய்கிறவரிடம் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுங்கள். இல்லாத நோய்க்கு மருந்து தின்ன வேண்டாம். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் டெலி-மானஸ் இருக்கிறது, எண் 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் ஆட்கள் இருப்பார்கள்.